நாலு சக்கரமும் பத்துப் பொருத்தமும்

1978-ல் அமெரிக்காவில் ஒருவர் கடன்பட்டுப் புத்தம்புது ஃபோர்டு ப்ராங்கோ வாங்கினால், ஒரே வண்டிக்குள் இரண்டு அபிப்பிராயங்கள் இலவசமாகக் கிடைத்தன. பின்னச்சு சொல்லும்: ஷாஃப்ட் மூன்றரைச் சுற்று சுற்றட்டும், நான் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றுகிறேன். முன்னச்சு சொல்லும்: எனக்கு 3.54 சுற்று வேண்டும், அதற்குக் குறைந்தால் கட்டுப்படியாகாது. நடுவில் தேமே என்று தொங்கிக்கொண்டிருக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ், ஃபோர் வீல் லிவரைப் போட்ட மறுநொடி இரண்டு ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். இன்ஜின் ஒன்று, சேஸிஸ் ஒன்று, தவணை கட்டுகிறவரும் ஒருவர்தான். சக்கரங்கள் மட்டும் இரண்டு கட்சி.

கணக்குப் போட்டால் வித்தியாசம் 1.1 சதவீதம். கிலோமீட்டருக்கு முன் சக்கரங்கள் 11 மீட்டர் பாக்கி வைக்கின்றன. அந்தப் பாக்கியை யார் அடைப்பது? டயர்தான். சேறாக இருந்தால் வழுக்கிவிட்டு, பனியாக இருந்தால் சறுக்கிவிட்டு, காய்ந்த தார் ரோடாக இருந்தால் தன் ரப்பரையே தேய்த்துக் கொடுத்து.

“ஃபோர்டு கம்பெனிக்கு இதுகூடத் தெரியாதா?” என்று கொதிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். நாலு சக்கரத்தையும் ஓட்டும் வண்டி பிறந்த நாளிலிருந்து முன்னச்சும் பின்னச்சும் ஒத்துப்போனதே கிடையாது. ஒத்துப்போகவும் முடியாது. வண்டி வளையும்போது முன் சக்கரம் பெரிய வட்டத்தில் போகிறது, பின் சக்கரம் உள்வாங்கிச் சின்ன வட்டத்தில் வருகிறது. அதே ப்ராங்கோவின் இரண்டு அச்சுக்கும் இடையே 104 அங்குலம். பின்னச்சு 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் முன்னச்சு ஏறக்குறைய 5.65 மீட்டர் ஆரத்தில் திரும்பும். 13 சதவீத வித்தியாசம்! தெருமுனையில் வண்டியை ஒடித்துத் திருப்பும்போது நடக்கும் இந்த அட்டூழியத்துக்கு முன்னால் 3.50-க்கும் 3.54-க்கும் உள்ள மனத்தாங்கல் எந்த மூலைக்கு?

இதை ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டவர் பிரமா ஜோசப் டிப்ளாக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1893-ல் அவர் நீராவி இழுவை இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். நாலு சக்கரமும் இழுக்கும், நாலு சக்கரமும் திரும்பும், உள்ளே டிஃபரன்ஷியல் மூன்று. அச்சுக்கு ஒன்று வீதம் இரண்டு, இடதுக்கும் வலதுக்கும் சமாதானம் பேச. மூன்றாவது, முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில். இந்த மூன்றாமவரை இனிமேல் தாய்மாமன் என்று வைத்துக்கொள்வோம். சம்பந்தி வீடுகள் இரண்டும் முறைத்துக்கொள்ளும்போது நடுவே நின்று, “நீங்க கொஞ்சம் வேகமாப் போங்க, நீங்க கொஞ்சம் மெதுவா வாங்க, கல்யாணம் நிக்காம நடக்கட்டும்” என்று சமாளிப்பது அவர் வேலை. ஃபோர் வீல் வண்டிகளின் நூற்றுச் சொச்ச வருடச் சரித்திரத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான்: தாய்மாமனை வேலைக்கு வைப்பார்கள், செலவு அதிகம் என்று துரத்துவார்கள், பிறகு போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவருவார்கள்.

1900 வாக்கில் ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற இளைஞர், “அச்சு இருந்தால்தானே தகராறு?” என்று கிளம்பி, ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு மின் மோட்டாரை வைத்து ஓட்டிக் காட்டினார். ஷாஃப்டும் இல்லை, கிரவுன்-பினியன் என்ற பற்சக்கர ஜோடியும் இல்லை, சம்பந்தியும் இல்லை. ஈய பேட்டரியின் கனம்தான் வண்டியை நசுக்கியது. அந்த யோசனையை உலகம் நூறு வருடம் பரணில் போட்டுவிட்டு, இப்போது தூசி தட்டித் தன் புதுக் கண்டுபிடிப்பு மாதிரி விற்றுக்கொண்டிருக்கிறது.

அடுத்து ஹாலந்து. ஸ்பைக்கர் சகோதரர்கள் ராணி வில்ஹெல்மினாவுக்குத் தங்க ரதம் செய்து கொடுத்த வண்டிக்காரர்கள். குதிரை பூட்டும் ரதம். குதிரைக்கு நாலு காலும் ஓடுமே தவிர ரதத்துக்கு ஒரு சக்கரமும் தானாக ஓடாது. அந்தக் குறையைத் தீர்க்கவோ என்னவோ, 1903-ல் லாவியோலெத் என்ற பெல்ஜியப் பொறியாளரைக் கொண்டு ஆறு சிலிண்டர், நாலு சக்கர ஓட்டம், நாலு சக்கர பிரேக் என்று ஒரு பந்தயக் கார் கட்டினார்கள். பாரிஸ்-மாட்ரிட் பந்தயத்துக்குத் தயாராகியிருக்க வேண்டியது. பந்தயம் முடிந்தும் கார் முடியவில்லை. அந்தக் காரிலும் தாய்மாமன் உண்டு. ராஜ குடும்பத்தோடு பழகியவர்கள், சம்பந்தி மரியாதை தெரியாதா?

அமெரிக்காவில் இந்தக் கதை ராஜ குடும்பத்தில் ஆரம்பிக்கவில்லை, கொல்லுப்பட்டறையில் ஆரம்பித்தது. விஸ்கான்சினில் கிளிண்டன்வில் என்ற சின்ன ஊர். அங்கே ஆட்டோ ஸாக்கோவ் என்று ஒரு கொல்லர். பெயரே ஆட்டோ, தொழில் வேறு என்னவாக இருக்கும்? ஒரு நாள் காரை மணல் பள்ளத்தில் இறக்கிவிட்டாராம். முன்னால் ஓட்டினால் ஏறவில்லை. ரிவர்ஸ் போட்டார், ஏறிவிட்டது. நம்மில் யாராக இருந்தாலும் “அப்பாடா” என்று வீட்டுக்குப் போய் மேல் கழுவிக்கொண்டு படுத்திருப்போம். அவர் பட்டறைக்குப் போய், பின்பக்கம் தள்ளுவதைவிட முன்பக்கம் இழுப்பது நல்லது, இரண்டையும் சேர்த்துச் செய்தால் இன்னும் நல்லது என்று ஆரம்பித்துவிட்டார். கூட்டு, மைத்துனர் வில்லியம் பெஸர்டிக். திரும்பிக்கொண்டே இழுக்கும் முன் சக்கரத்துக்கான மூட்டுக்கு 1908-ல் ஸாக்கோவுக்குக் காப்புரிமை கிடைத்தது. அவர்கள் கட்டிய கார் ஒன்றுக்கு ஊர் வைத்த பெயர் ‘போர்க்கப்பல்’. பார்க்கவும் அப்படித்தான் இருக்கும், போகும் வேகமும் அப்படித்தான்.

அதிலிருந்து பிறந்த எஃப்.டபிள்யூ.டி. கம்பெனியின் மாடல் பி லாரிகள் முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் பிரான்சின் சேற்றுக்குப் போயின. அவற்றிலும் நடு டிஃபரன்ஷியல் இருந்தது. ஒரு கூடுதல் வசதி: வேண்டாதபோது பூட்டிவைக்கலாம். தாய்மாமன் வாயைக் கட்ட ஒரு பூட்டு! ஏனென்றால் அவருக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரு பக்கம் சேற்றில் சும்மா சுற்ற ஆரம்பித்தால், இருக்கிற சக்தியையெல்லாம் அந்தப் பக்கமே கொடுத்துவிட்டு, தரையில் ஊன்றி நிற்கும் பக்கத்துக்குக் கையை விரித்துவிடுவார். யார் அதிகம் அலட்டுகிறாரோ அவருக்கே முதல் பந்தி.

மைத்துனர் பெஸர்டிக் பிறகு பிரிந்துபோய் 1917-ல் ஆஷ்காஷ் லாரிக் கம்பெனி தொடங்குவதில் பங்காளியானார். டிஃபரன்ஷியல் வைத்தும் சில குடும்பங்களில் பிரிவு நடக்கத்தான் செய்கிறது.

இரண்டாம் உலகப் போர் வந்தது; தாய்மாமனுக்குச் சீட்டுக் கிழிந்தது. 1940-ல் அமெரிக்க ராணுவம் சின்னதாக ஒரு வண்டி கேட்டது, மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்தவேண்டும் என்றது. பென்சில்வேனியாவின் பட்லர் ஊரில் இழுத்துக்கோ பறித்துக்கோ என்று கிடந்த பாண்டம் கம்பெனி, கார்ல் ப்ராப்ஸ்ட் என்பவரைப் பிடித்து வரைய வைத்து, கெடுவுக்குள் கொண்டுபோய் நிறுத்தியது. ராணுவம் பாராட்டிவிட்டு, பெரிய ஆர்டரை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்தது. அரசாங்கம் என்றால் எங்கேயும் அரசாங்கம்தான்.

அந்த வண்டிதான் ஜீப். அதில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீல் வேண்டுமா, லிவரைப் போடு, முன்னும் பின்னும் ஒரே பூட்டு. வேண்டாமா, எடுத்துவிடு, பின்னச்சு மட்டும் ஓடட்டும். விகிதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முன்னும் பின்னும் ஸ்பைசர் கம்பெனியின் அச்சு, இரண்டிலும் கிரவுனுக்கு 39 பல், பினியனுக்கு 8 பல், வகுத்தால் 4.88. பத்துக்குப் பத்துப் பொருத்தம். அப்படியிருந்தும் டிரைவர் கண்ணெதிரே ஒரு தகடு அடித்து வைத்தார்கள்: காய்ந்த கெட்டி ரோட்டில் முன்னச்சை எடுத்துவிட்டு ஓட்டவும். பல் எண்ணிக்கையில் பொருத்தம் இருந்தாலும் முதல் வளைவில் அது கிழிந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். தாய்மாமனுக்குச் சம்பளம் கொடுப்பதைவிடத் தகடு மலிவு. ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப்புகள் செய்தார்கள். மிச்சம் பிடித்த மாமன்களும் ஆறு லட்சம்.

தகட்டை மதிக்காமல் ஓட்டினால் என்ன ஆகும்? வண்டி நிற்காது, ஓடும். ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள கணக்குப் பாக்கி ஷாஃப்டுகளில் முறுக்காக ஏறிக்கொண்டே போகும். ஸ்டியரிங் கனக்கும். வளைவில் ஒரு டயர் திடீரென்று பிடி விட்டு ‘தொம்’ என்று துள்ளும். பாக்கியில் ஒரு பகுதி வசூல். பிறகு வண்டியை நிறுத்தி லிவரை எடுக்கப் பார்த்தால் வராது. இரண்டு கையாலும் இழுத்தால் வராது, காலால் உதைத்தால் வராது. உள்ளே பற்கள் ஒன்றையொன்று அவ்வளவு இறுக்கிக்கொண்டிருக்கும். தெரிந்தவர்கள் பதற மாட்டார்கள். ரிவர்ஸ் போட்டு நாலு அடி பின்னால் வருவார்கள். முறுக்கு அவிழும். லிவர் ஒன்றுமே நடக்காத மாதிரி விரலால் தொட்டதும் வந்துவிடும். உதைத்த கால் மட்டும் இரண்டு நாள் வலிக்கும்.

போர் முடிந்ததும் ஆங்கிலேயர்கள் சும்மா இருக்கவில்லை. 1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வந்தது. ஸ்பைக்கர் கார் பிறந்த அதே ஊர். முதல் லேண்ட் ரோவர்களில் நாலு சக்கரமும் எப்போதும் ஓட்டத்தில்தான் இருக்கும், ஆனால் நடு டிஃபரன்ஷியல் இல்லை. பதிலாக முன்னச்சுக்குப் போகும் வழியில் ஒரு ஃப்ரீவீல். முன் சக்கரம் வேகமாகப் போக விரும்பினால் போய்க்கொள்ளட்டும், தடையில்லை. வளைவில் நீ முந்திக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை. சமாதானத்துக்கு ஆள் வைக்காமலே சமாதானம்! ஒரே சங்கடம், ரிவர்ஸ் போட்டால் அதே ஃப்ரீவீல் முன்னச்சைக் கைகழுவிவிடும். சேற்றில் மாட்டியவன் முதலில் செய்வதே ரிவர்ஸ்தானே, கிளிண்டன்வில் கொல்லரைக் கேளுங்கள். அதற்காகத் தரையில் ஒரு வளையம் வைத்தார்கள், அதை இழுத்தால் ஃப்ரீவீல் பூட்டிக்கொள்ளும். சில வருடத்தில் இந்த வித்தையெல்லாம் போதும் என்று அவர்களும் லிவருக்கு மாறிவிட்டார்கள்.

அதே 1948-ல் அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர் இன்னொரு பக்கம் யோசித்தார். ஃபோர் வீல் தேவைப்படாத நாட்களில் முன் சக்கரம் எதற்காக அச்சையும் ஷாஃப்டையும் சும்மா சுற்றவேண்டும்? சக்கரத்தின் நடுவிலேயே கழற்றிவிடும் ஹப் செய்து விற்றார். நல்ல யோசனைதான். ஆனால் வண்டி சேற்றில் இறங்கிய பிறகுதான் ஹப்பைப் பூட்டவில்லை என்பது ஞாபகம் வரும். முழங்கால் சேற்றில் இறங்கி, ஒரு பக்கம் திருகி, வண்டியைச் சுற்றி மறுபக்கம் போய்த் திருகி, அதே செருப்போடு மேலே ஏறினால் வண்டிக்கு நாலு சக்கர ஓட்டம் வந்துவிடும். செருப்பு ஒன்று உள்ளேயே தங்கிவிடும்.

இப்போது ஃபோர்டுக்கு வருவோம். 1959 வரை ஃபோர்டு பிக்கப்புக்கு ஃபோர் வீல் வேண்டும் என்றால் இண்டியானாபோலிஸில் மார்மன்-ஹெரிங்டன் என்ற வெளிக் கம்பெனி மாற்றிக் கொடுக்கும். அந்த வருடம் ஃபோர்டு, “இனி நாமே செய்வோம்” என்று முடிவெடுத்தது. நாமே என்றால் முழுக்க நாமே இல்லை. அரை டன் பிக்கப்பின் பின்னச்சு வீட்டுப் பெண்: 1957-லிருந்து ஃபோர்டு தானே வார்த்துக்கொண்டிருந்த, பிற்பாடு பந்தயக்காரர்கள் சாமி கும்பிடாத குறையாகக் கொண்டாடிய ‘9 அங்குல’ அச்சு. முன்னச்சு வெளியூர் மாப்பிள்ளை: டானா கம்பெனியின் 44 நம்பர் அச்சு. நம் 1978 ப்ராங்கோவுக்கடியிலும் இதே ஜோடிதான்.

டானா யார்? கார்னெலில் படித்துக்கொண்டிருந்த கிளாரன்ஸ் ஸ்பைசர் என்ற மாணவர் யூனிவர்சல் ஜாயிண்ட் செய்து 1903-ல் காப்புரிமை வாங்கிக் கம்பெனி தொடங்கினார். கம்பெனி கையைக் கடித்தது. சார்ல்ஸ் டானா என்ற வக்கீல் 1914-ல் பணத்தோடு உள்ளே வந்தார், பிறகு தலைவரானார், 1946-ல் கம்பெனிக்கே அவர் பெயர் வந்துவிட்டது. உலகம் முழுக்க ஜீப்புக்கடியில் மல்லாந்து படுத்துக்கிடக்கும் மெக்கானிக்குகள் வாயில் ஒரு வக்கீலின் பெயர் நுழைந்தது இப்படி. கண்டுபிடித்தவர் பெயர் ஜாயிண்டோடு நின்றது, கடன் கொடுத்தவர் பெயர் அச்சிலேயே ஏறிவிட்டது.

பொருத்தம் பார்க்கும் கட்டம் இதுதான். கிரவுன் வீலின் பல்லை பினியன் பல்லால் வகுத்தால் வருவதுதான் விகிதம். ஃபோர்டு வீட்டு 3.50 என்பது 35 வகுத்தல் 10. டானா வீட்டு 3.54 என்பது 46 வகுத்தல் 13. பல் வெட்டும் விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஆசாரம் வேறு. 46-க்கும் 13-க்கும் பொது வகுஎண் இல்லை. ஆகவே பினியனின் ஒவ்வொரு பல்லும் சுற்றிச் சுற்றி வந்து கிரவுனின் 46 பல்லையும் ஒரு தடவையாவது சந்திக்கும், தேய்மானம் எல்லோருக்கும் பகிர்ந்து போகும். 35-க்கும் 10-க்கும் நடுவே 5 என்ற பொது வகுஎண் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஒரு பினியன் பல் ஆயுசு முழுக்க அதே 7 பல்லைத்தான் பார்க்கும், மீதி 28 பேர் யாரென்றே அதற்குத் தெரியாது. இதிலும் கடைசிப் படி, 39-க்கு 13 என்று வெட்டிய 3.00 விகிதம்: ஒரு பல்லுக்கு மூன்றே மூன்று முகம், சாகும்வரை. இந்த மாதிரி செட்டுகளைக் கழற்றி மாட்டும்போது எந்தப் பல் எதோடு பழகியதோ அதோடே சேர்க்கவேண்டும், அதற்குப் பல்லில் அடையாளம் வைத்திருப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூன்றரை என்பது ஏழில் பாதி. பினியனுக்கு இரண்டே பல் வைத்தாலொழிய, பொது வகுஎண் இல்லாமல் சரியாக 3.50 வரவே வராது. எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் சந்திக்கவேண்டும் என்ற கொள்கைக்காரன் தலைகீழாக நின்றாலும் 3.50 செய்ய முடியாது, 3.54 மாதிரி ஒன்றுதான் கிட்டும். 0.04-க்காகப் புதிதாக வெட்டுக்கருவி செய்து, அச்சு அளவெல்லாம் மாற்றி, இரண்டு வீடும் ஒன்றாக உட்கார்ந்து பேசவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சேற்றிலும் பனியிலும் ஓட்டத்தானே ஃபோர் வீல், அங்கே வழுக்கினால் யாருக்குத் தெரியப்போகிறது? ஜாதகத்தை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, “தேறும்” என்று சொல்லி முகூர்த்தம் குறித்துவிட்டார்கள்.

ஃபோர்டை மட்டும் சொல்வானேன். ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்புகளில் பின்னால் 3.07, முன்னால் 3.08 என்று ஓடியவை உண்டு: 43-க்கு 14, 40-க்கு 13. அது முணுமுணுப்பு அளவுதான்.

ஆனால் வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? இவ்வளவு பெரிய கம்பெனி இரண்டு அச்சுக்கு இரண்டு விகிதம் வைத்திருக்கிறது என்றால் காரணம் இல்லாமலா என்று ஆரம்பித்தார்கள். பீர் டப்பாவைத் திறந்தவர்கள் எல்லாம் தத்துவத்தையும் திறந்தார்கள். “முன் சக்கரம் ஒரு இம்மி வேகமாகச் சுற்றினால் வண்டியை முன்னாலிருந்து இழுக்கும், ஸ்டியரிங் நேராக நிற்கும், அதற்காகத்தான் ஃபோர்டு பொறியாளர்கள் வேண்டுமென்றே செய்தார்கள்” என்பது அந்தத் தத்துவம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பட்டறையில் மகனுக்கு அப்பா சொல்லி, அப்பாவுக்குத் தாத்தா சொல்லி, வேதவாக்காகவே ஆகிவிட்டது.

ஒரு சின்னச் சங்கடம். 3.50-க்கு 3.54 போட்ட வண்டியில் முன் சக்கரம் வேகமாகச் சுற்றாது, மெதுவாகச் சுற்றும். முன்னச்சுக்குத்தானே அதிகச் சுற்று வேண்டும்! இழுப்பதாவது, பின்னால் தொங்கிக்கொண்டு வருகிறது. சரி, அப்படியானால் மெதுவாகச் சுற்றுவதில்தான் ஏதோ சூட்சுமம் என்று தத்துவத்தைத் திருப்பிப் போடலாமா? அதற்கும் வழியில்லை. அதே வருடம், அதே ப்ராங்கோவை மலைக்கும் இழுவைக்கும் ஏற்றபடி இறங்கிய கியரோடு வாங்கினால் பின்னால் 4.11, முன்னால் 4.09. அதாவது 37-க்கு 9, 45-க்கு 11. இங்கே முன் சக்கரம் வேகம், கிலோமீட்டருக்கு 5 மீட்டர் முந்தும். முக்கால் டன் வண்டியில் பின்னால் டானாவின் 60 நம்பர் அச்சு, அதில் 41-க்கு 10, 4.10; முன்னால் அதே 4.09. ஒரே வக்கீல் வீட்டு அண்ணன் தம்பிகள், அவர்களுக்குள்ளேயே ஒரு நூலிழை! ஒரு கம்பெனி, ஒரு வாசல் வழியாக முன் சக்கரம் பிந்தும் வண்டியையும் முந்தும் வண்டியையும் அனுப்பியிருக்கிறது. இதில் மேதைத்தனம் எந்த விகிதத்தில் இருக்கிறது என்று யாராவது பல் எண்ணிச் சொன்னால் நல்லது. என் அபிப்பிராயம், பல் வெட்டுகிறவன் வெட்டியதுதான் விகிதம். தத்துவம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

பல் எண்ணுவதும் லேசான காரியமில்லை. அச்சின் போல்ட் ஒன்றில் விகிதம் பொறித்த சின்னத் தகடு தொங்கும், அது முதல் தடவை ஆயில் மாற்றும்போதே காணாமல் போகும். பிறகு பட்டறை வித்தை: ஜாக்கி போட்டு ஒரு பக்கச் சக்கரத்தைத் தூக்கு, டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, ஷாஃப்டில் ஒரு கோடு. ஒரு பக்கம் மட்டும் சுற்றுவதால் டிஃபரன்ஷியல் பாதியை விழுங்கிவிடும். டயர் இரண்டு சுற்று வந்தால்தான் ஒரு கணக்கு. டயரைக் கையால் சுற்றிக்கொண்டே ஷாஃப்டை எண்ணினால், பின்னால் மூன்றரை. முன்னால் போய் எண்ணினால் மூன்றரை... கூட ஒரு பொட்டு. அந்தப் பொட்டு விகிதமா, ஜாயிண்டின் ஆட்டமா, சாக்பீஸ் கோட்டின் பருமனா? கைத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, “ரெண்டும் மூன்றரைதான், ஓட்டுங்க” என்று சொல்லாத மெக்கானிக் எந்த நாட்டிலும் இருக்க முடியாது.

சரியாகத் தெரியவேண்டும் என்றால் திறந்து பார்க்கவேண்டும். டானா 44-ல் பத்து போல்ட்டைக் கழற்றி மூடியை நெம்பினால் நாற்றமடிக்கும் கியர் ஆயில் முழங்கைவரை வழிந்த பிறகு கிரவுன் வீல் தரிசனம் தரும், விளிம்பில் பல் கணக்கும் பொறித்திருக்கும். ஃபோர்டின் 9 அங்குலத்துக்குப் பின்னால் மூடியே கிடையாது. சக்கரத்தைக் கழற்றி, இரண்டு பக்க ஆக்சில் ஷாஃப்டையும் உருவி, முன்பக்கமாக மொத்தக் குண்டையும் இறக்கி மடியில் வைத்துக்கொண்டு எண்ணவேண்டும். அதன் கனத்துக்கு, எண்ணி முடிக்கும்போது 35 பல்லும் தொடையில் பதிந்திருக்கும்.

1973-ல் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு ஞானோதயம் வந்தது. தாய்மாமனை வெற்றிலை பாக்கு வைத்து மறுபடி அழைத்தார்கள். ஜீப் வண்டிகளுக்குக் குவாட்ரா-ட்ராக், ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்புகளுக்கு நியூ பிராசஸ் 203 என்ற ட்ரான்ஸ்ஃபர் கேஸ். நாலு சக்கரமும் எப்போதும் ஓடும், நடு டிஃபரன்ஷியல் கணக்கை நேர் செய்துகொள்ளும், லிவரை உதைக்க வேண்டாம், சேற்றில் இறங்க வேண்டாம், தார் ரோட்டிலும் ஜம்மென்று போகலாம். விகிதம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மாமன் சமாளித்துக்கொள்வார். அந்த வருடம் அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகி மூடின. பெட்ரோல் பங்கில் வரிசை. எப்போதும் சுற்றும் முன்னச்சு எவ்வளவு குடிக்கிறது என்று ஜனங்கள் முதல் முறையாகக் கணக்குப் பார்த்தார்கள். விளைவு, 203-ன் நடு டிஃபரன்ஷியலைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி லிவர் வண்டியாக மாற்றும் கிட்டுகள் கடைக்கு வந்தன. காசு கொடுத்து வைத்துக்கொண்ட மாமனைக் காசு கொடுத்தே வெளியேற்றினார்கள். ஹப் விற்றவர்களுக்கும் யோகம். பத்து வருடம் முடிவதற்குள் 203-ஐயே நிறுத்திவிட்டார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் தசம புள்ளிக்குப் பின்னால் நடந்த சண்டை. நிஜமான ரத்தக்களரி வேறு இடத்தில்: பழைய வண்டி உடைக்கும் யார்டில். பின்னச்சு உடைந்தவன் மலிவாக ஒன்றைப் பார்த்து வாங்கிவந்து மாட்டுவான். போல்ட் பொருந்தும், பிரேக் பொருந்தும், பெயிண்ட்கூடப் பொருந்தும். பல்லை எண்ண மாட்டான். முன்னால் 3.73, பின்னால் 4.10. பத்து சதவீதம்! கோடையெல்லாம் ஒன்றும் தெரியாது. இரண்டு சக்கரத்தில்தானே ஓடுகிறது. முதல் பனி விழுந்த அன்று லிவரைப் போட்டால் முன் சக்கரம் கிலோமீட்டருக்கு 100 மீட்டர் ஓடிப்போகப் பார்க்கும். பனியில் அதுகூடச் செல்லும், வண்டி குடிகாரன் மாதிரி ஒரு பக்கம் நழுவிக்கொண்டு போகும். பனி வழித்த ரோட்டுக்கு வந்ததும் விவகாரம். டயர் கத்தும், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முனகும், யார் முதலில் உடைவது என்று யூனிவர்சல் ஜாயிண்டுக்கும் ஆக்சில் ஷாஃப்டுக்கும் போட்டி. பெரும்பாலும் ஸ்பைசர் மாணவராக இருந்தபோது கண்டுபிடித்த அந்த ஜாயிண்ட்தான் விட்டுக்கொடுக்கும், பாவம்.

வேண்டுமென்றே வித்தியாசம் வைக்கிறவர்களும் உண்டு, அவர்கள் வேறு ஜாதி. ஃபோர் வீல் டிராக்டரில் முன் டயர் சின்னது, பின் டயர் பெரியது. அங்கே முன் சக்கரம் நிலத்தில் ஒன்றிலிருந்து ஐந்து சதவீதம்வரை முந்தும்படி கணக்குப் போட்டுத்தான் கியர் வைக்கிறார்கள். பீர் டப்பாத் தத்துவம் நிஜமாக வேலை செய்யும் இடம் அதுதான், உழுத மண்ணில். டயர் சைஸை மாற்றுகிற விவசாயி பேப்பரும் பென்சிலும் எடுக்காமல் மாற்றினால் கியர் பெட்டி அவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும். பாறை ஏறும் போட்டிக்காரர்களும் முன்னச்சை வேகமாகச் சுற்ற வைக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸைத் தனியாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், இறுக்கமான இடத்தில் மூக்கைப் பிடித்து இழுத்துத் திருப்ப. ஃபோர்டு 4.09-க்குக் கூடுதல் கட்டணம் வாங்காமல் விட்டது வியாபாரத் தெரியாத்தனம்.

மறுபடியும் அந்த 3.50-க்கு 3.54 ப்ராங்கோ. முன் சக்கரம் 1.1 சதவீதம் மெதுவாகச் சுற்றுகிறது என்றால், முன் டயர் அதே அளவு பெரிதாக இருந்தால் கணக்கு நேர் ஆகிவிடும். 30 அங்குல டயருக்கு அது ஆரத்தில் 4 மில்லிமீட்டர் சொச்சம். ஆக முன்னால் புது டயர், பின்னால் 4 மில்லிமீட்டர் தேய்ந்த டயர் போட்டால், ஏறக்குறைய அப்பழுக்கில்லாத பொருத்தம். இதற்குக் காசுகூடச் செலவழிக்க வேண்டாம். வருடத்தில் முக்கால்வாசி நாள் வண்டி பின்னச்சில்தான் ஓடுகிறது, இழுக்கிற டயர்தான் சீக்கிரம் தேயும். டயரை இடம் மாற்றிப் போடாத சோம்பேறிக்கு வண்டி தன்னாலேயே சரியாகிக்கொண்டு வரும். புத்தகத்தில் சொன்னபடி கர்மசிரத்தையாக டயர் மாற்றுகிறவர் ஒவ்வொரு தடவையும் தகராறைப் புதுப்பித்துக்கொண்டிருப்பார். 4.11-க்கு 4.09 வாங்கியவருக்கு இதெல்லாம் தலைகீழ். சோம்பேறியாக இருந்தால் நாளுக்கு நாள் மோசம்.

இதை நான் எழுதி முடிப்பதற்குள், “அதுவும் ஃபோர்டு பொறியாளர்கள் யோசித்துச் செய்ததுதான்” என்று யாராவது ஒருவர் பீர் டப்பாவைத் திறந்திருப்பார்.